அப்பாவை அந்தமான் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

உப்புவெளி மகள் (கேள்வி)

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன்.

வருகிற தை மாதம் அப்பாவோடு அந்தமான் போவதாக இருக்கிறேன். கடல் குளிக்க இல்லை, கடல் எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அப்பா பார்க்க விரும்புவது அங்குள்ள வெள்ளைக்காரர் காலத்துச் சிறைகளை.

அப்பாவுக்கு 72 வயது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எண்பதுகளின் நடுவில் ஒரு தடுப்பு முகாமில் பதினான்கு மாதம் இருந்தார். நான் அப்போது கைக்குழந்தை. வெளியே வந்த பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் அவருடைய அறைக் கதவுக்கு இன்றைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அம்மா இருந்த காலத்தில் ஒருமுறை தச்சனைக் கூப்பிட்டுப் போடுவித்தார். அடுத்த நாள் காலையில் அப்பா அதைக் கழற்றி, ஆணிகளோடு ஒரு கடுதாசியில் சுற்றி மேசையில் வைத்திருந்தார்.

2024 செப்டெம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள் அல்லவா, அந்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்த நாளிலிருந்து தொடங்கியது. அலுமாரியில் இருந்த பழைய அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு, வைப்பர் தீவு எங்கே, ரோஸ் தீவு எங்கே என்று தேடினார். போன மாதம் அவராகவே கேட்டார்: "பிள்ளை, அங்கே போய் வர எவ்வளவு முடியும்?"

கனடாவில் இருக்கும் தம்பி வேண்டவே வேண்டாம் என்கிறான். பழசைக் கிளறி, அங்கே வைத்து அப்பாவுக்கு ஏதும் ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறான். அவன் பயம் எனக்கும் இருக்கிறது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எதை முதலில் பார்ப்பது? முழங்கால் வலி உள்ளவருக்குப் படிகள் எவ்வளவு? வைப்பர் தீவில் இடிபாடு தவிர ஒன்றும் இல்லை என்கிறார்களே, அங்கே போவது வீண் அலைச்சலா?

கிண்ணியா 93

அக்கா, பயண விஷயம் மட்டும் சொல்கிறேன். கொழும்பிலிருந்து சென்னை ஒன்றரை மணித்தியாலத்துக்குள். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணித்தியாலம் அளவில். இந்திய விசா இணையத்திலேயே எடுக்கலாம். இறங்கியதும் வெளிநாட்டவர் பதிவு மேசையில் பாஸ்போட்டைக் காட்டிப் பதிந்துவிட்டு வெளியே வாருங்கள், அந்தச் சீட்டைத் தொலைக்க வேண்டாம். வயதானவரோடு ஒரே நாளில் இரண்டு விமானம் ஏறாமல் சென்னையில் ஓர் இரவு தங்குங்கள். தமிழ் போதும், ஓட்டோக்காரர் முதல் சாப்பாட்டுக் கடை வரை தமிழ்தான்.

பாலையூற்று மேசன்

தங்கச்சி, நான் 2023 மாசியில் போய் வந்தேன். மகள் சென்னையில் கலியாணம் முடித்து இருக்கிறாள், அவளும் மருமகனும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவன். ஓர்ஸ்ஹில் பக்கம் சுண்ணாம்புக் கட்டு வீடுகள் எத்தனையோ பழுது பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன், அந்தக் கண்ணோடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வைப்பர் வீண் அலைச்சல் இல்லை. முதலில் வைப்பர், பிறகு ரோஸ், கடைசியில் செல்லுலார் சிறை. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய சிறையைப் பார்த்து மனம் நிறைந்த பிறகு வைப்பருக்குப் போனால் உடைந்த சுவர்தான் தெரியும். நடந்தது வேறு ஒழுங்கு.

1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் 10 இல் டொக்டர் வோக்கர் என்ற வெள்ளைக்காரர் 200 கைதிகளோடு சாத்தம் தீவில் வந்து இறங்கினார். அப்போது அங்கே சிறை என்று ஒரு கட்டடமும் இல்லை. காடு வெட்டுவதுதான் தண்டனை. காட்டுக்குள் ஓடித் தப்பப் பார்த்துப் பிடிபட்டவர்கள் எண்பது பேருக்கு மேல் தூக்கில் போடப்பட்டார்கள். சாத்தத்தில் தண்ணீர் போதாமல் தலைமையிடத்தை ரோஸ் தீவுக்கு மாற்றினார்கள். 1867 இல் வைப்பரில் சிறை கட்டத் தொடங்கினார்கள். அதைச் 'சங்கிலிக் கூட்டச் சிறை' என்றே சொல்வார்கள். நாடு கடத்தப்பட்ட இடத்திலும் திரும்பக் குற்றம் செய்தவன் என்று எழுதி வைத்தவனைக் காலில் விலங்கு பூட்டி அங்கே வேலை வாங்கினார்கள். செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896 இல், முடித்தது 1906 இல். அதாவது ஒரு தலைமுறைக்கும் மேல் வைப்பர்தான் பயம் காட்டிய பெயர்.

நாங்கள் போன படகில் முப்பது பேர் அளவில் இருந்தோம். கூட்டிப்போனவர் "இருபது நிமிஷம்" என்றார். மற்றவர்கள் நேரே மேட்டில் இருக்கும் தூக்குமேடைக் கட்டடத்துக்கு ஏறினார்கள். சிவப்பு நிறம், மேலே வளைந்த கூரை, உள்ளே குறுக்கே உத்தரம். வைஸ்ராய் மேயோ பிரபுவை 1872 பெப்ரவரி 8 இல் கத்தியால் குத்திய ஷேர் அலியை மார்ச் 11 இல் தூக்கிலிட்டது இந்தத் தீவில்தான். குத்தியதற்கும் தூக்குக்கும் இடையில் ஒரு மாதம்தான்.

நான் மேலே ஏறவில்லை. கீழே மிச்சம் நின்ற சுவரடியில் நின்றுவிட்டேன். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, வெளிப்பூச்சு உதிர்ந்து போயிருக்கிறது. பாசி பிடித்த ஒரு உள்மூலையில் சாந்தைப் பார்த்தேன். எங்கள் வேலையில், கரண்டி போகாத மூலை வந்தால் பெருவிரலால் சாந்தைத் திணித்து அழுத்திவிடுவோம். எந்த மேசனும் செய்வான், யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த அழுத்தல் அங்கே அப்படியே இருந்தது. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையது கொள்ளவில்லை. சின்னக் கை. கைதிகளைக் கொண்டுதான் எல்லாம் கட்டினார்கள். அவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, வேலை மட்டும் நிற்கிறது. மூலையைக் கூட அரைகுறையாக விடாமல் செய்திருக்கிறான். எனக்கு அங்கே நெஞ்சு அடைத்துவிட்டது. மகள் வந்து கையைப் பிடித்துப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசியாக ஏறியது நான்தான்.

அடுத்த நாள் ரோஸ். இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். வெள்ளைக்காரன் வாழ்ந்த இடம் அது: தேவாலயம், பேக்கரி, அச்சகம், நடனக்கூடம், நீச்சல்குளம், ஆணையாளர் மாளிகை. எல்லாவற்றையும் ஆலமரத்து வேர் பிடித்திருக்கிறது. நம்முடைய கோட்டையடியில் ஆலமரம் பார்த்திருப்பீர்கள், அந்த மரத்து விழுது ஒரு வீட்டின் சன்னலுக்குள் போய் மறு சன்னலால் வந்தால் எப்படி இருக்கும்? அப்படி. சில இடங்களில் செங்கல் விழுந்துவிட்டது, வேர்தான் சுவராக நிற்கிறது. புள்ளிமான்களும் கோட்டையடி மான்கள் மாதிரியே ஆட்களுக்குப் பயப்படாமல் திரிகின்றன. மான் அந்த மண்ணுக்கு உரியது இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது.

கரையோரத்தில் ஜப்பான்காரரின் பங்கர்கள் இருக்கின்றன. அவர்கள் 1942 மார்ச் 23 இல் அந்தமானைப் பிடித்தார்கள். நம்முடைய ஊரில் குண்டு போட்டது ஏப்ரல் 9. என் ஐயா அப்போது பத்து வயதுப் பொடியன், சீனக்குடாப் பக்கம் எழும்பிய புகையைப் பற்றிச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து, 1944 ஜூனில், திருகோணமலையிலிருந்து புறப்பட்டுப் போன இலஸ்ட்ரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் விமானங்கள் போர்ட் பிளேரில் குண்டு போட்டன. அந்தப் பங்கரின் துவாரத்தால் கடலைப் பார்த்தபோது, இதற்குள் நின்றவன் எங்கள் ஊர்த் திசையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்று பட்டது.

செல்லுலார் சிறைக்கு வருகிறேன். நடுவில் கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரி ஏழு கட்டடம். இப்போது மிச்சம் மூன்றுதான். ஒவ்வொன்றும் மூன்று மாடி. எல்லாமாக எழுநூறு அறை அளவில் இருந்தன, ஒரு அறைக்கு ஒரு ஆள். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். முன்னால் இருக்கிறவனின் முகத்தைக் கூடப் பார்க்க முடியாது. கட்டடம் கட்டுகிறவன் காற்று வரவும் வெளிச்சம் வரவும் மனுசர் மனுசரைப் பார்க்கவும் திட்டம் போடுவான். இதில் திட்டம் போட்டவன் கெட்டிக்காரன், அவ்வளவு கெட்டித்தனத்தையும் மனுசரைப் பிரிக்கச் செலவழித்திருக்கிறான்.

கோபுரத்தில் அரசியல் கைதிகளின் பெயர்களை மாகாண வாரியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1933 உண்ணாவிரதத்தில் இறந்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா என்ற மூவரின் பெயரையும் தேடி வாசியுங்கள். நான் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தேன். வாசிக்கும்போது அந்தச் சின்னப் பெருவிரல் நினைவுக்கு வந்தது. முதலில் வைப்பர் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இனி அப்பா விஷயம். என் அண்ணரும் அப்படி ஓர் இடத்தில் எட்டு மாதம் இருந்தவர். வந்த பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நோகும் என்று நினைத்தேன். அவர் இப்போது இல்லை. கேட்காமல் விட்டது சரியா என்று எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. உங்கள் அப்பா தானாகக் கேட்கிறார், அட்லஸில் தேடுகிறார். கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவரை முன்னால் நடக்க விடுங்கள். அறைக்குள் நீங்கள் முதலில் நுழைய வேண்டாம். உள்ளே நின்றால் படம் எடுக்க வேண்டாம். எவ்வளவு நேரம் நிற்கிறாரோ நிற்கட்டும்.

டெலானிப்பூர் ராசா

வணக்கம் அக்கா, நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா ராமநாதபுரத்துக்காரர். மேசன் ஐயா எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரிலேயே இருக்கேன், அந்த மூலையை நான் பார்த்ததில்லை.

ஐயா சொன்ன வரிசை நல்ல வரிசைதான், ஆனா வைப்பர் படகு நம்ம கையில் இல்லை. கடலையும் கூட்டத்தையும் பொறுத்துத்தான் ஓடும். போவதற்கு முதல் நாளே ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் கேட்டு வையுங்க. மூணு தீவைச் சேர்த்துக் கூட்டிப்போகும் படகில் ஏறினா வைப்பரில் நிற்க விடமாட்டாங்க. அப்பாவை மனசில் வெச்சு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நேரம் தருகிற படகாப் பேசுங்க. தை, மாசியில் கடல் அமைதியா இருக்கும்.

ஒரு விஷயம் வெளியூர்க்காரங்க எல்லாருமே தப்பாக் கணக்குப் போடுறாங்க. இங்கேயும் இந்திய நேரம்தான், உங்க ஊர் மணியும் அதேதான். ஆனா நாங்க கிழக்கே ரொம்பத் தள்ளி இருக்கோம். திருகோணமலையை விட முக்கால் மணி நேரம் முன்னாடியே இங்கே பொழுது சாயும். மாலை நாலரைக்கே நிழல் நீண்டுடும். பார்க்க வேண்டியதைக் காலையிலேயே முடிச்சிடுங்க.

ரோஸில் மின்சார வண்டி இருக்கு, முழங்கால் வலிக்குப் பிரச்சினை இல்லை. செல்லுலாரில் தரைத்தள அறைகளே போதும், மேலே இருக்கிறதும் அதே அறைதான். எந்த நாள் மூடியிருக்கும்னு முன்னாடியே கேட்டுக்குங்க. தூக்குமேடை முற்றத்துப் பக்கத்திலேயே இருக்கு, திடீர்னு எதிரே வந்துடும். முன்கூட்டியே அப்பாகிட்டச் சொல்லிடுங்க. ராத்திரி ஒலி-ஒளிக் காட்சிக்கு அவரைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்னு நினைக்கிறேன். சிறைக்குள்ளேயே, இருட்டில், ஒலிபெருக்கியில் அந்தக் காலத்தை நடிச்சுக் காட்டுவாங்க. பகலில் அமைதியா நடக்கிறது வேற, இது வேற.

இன்னொண்ணு. அந்தக் கைதிகள் எல்லாரும் பெயரில்லாமல் போயிடலை. பல வருஷம் தண்டனை கழிஞ்சதும் நன்னடத்தை உள்ளவங்களுக்குச் சொந்தமாப் பயிர் செய்ய நிலம் கொடுத்தாங்க, பெண் கைதிகளைக் கல்யாணம் பண்ணிக்க அனுமதிச்சாங்க. வங்காளி, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, எந்தச் சாதி எந்த மதம்னு பார்க்காமல் கலந்த குடும்பங்கள். அவங்க வழி வந்தவங்களை நாங்க 'லோக்கல் பார்ன்'னு சொல்வோம். என் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் அப்படித்தான். அவங்க வீட்டில் இந்துஸ்தானிதான் பேசுவாங்க, எங்க வீட்டுக்கு வந்தா அம்மாகிட்டத் தமிழில் சோறு கேட்பான். கைதியாயிருந்த காலத்தில் ஒவ்வொருத்தர் கழுத்திலும் ஒரு மரச் சீட்டுத் தொங்கும். எண், தண்டனை கொடுத்த தேதி, விடுதலைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். அவன் கொள்ளுத்தாத்தா விடுதலையான அன்னைக்கு அதைக் கடலில் எறிஞ்சதா வீட்டில் சொல்லிக்கிறாங்க.

வரும்போது இங்கே ஒரு வரி போடுங்க அக்கா. படகு விஷயம் நான் விசாரிச்சுச் சொல்றேன்.

உப்புவெளி மகள்

எல்லோருக்கும் நன்றி. மேசன் அண்ணர், நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் தயங்கினேன், பிறகு உங்கள் அண்ணர் பற்றிய வரிகளையும் விடாமல் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பெருவிரல் பகுதியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

தம்பியோடும் கதைத்தேன். அவன் இன்னும் முழு மனதாக இல்லை. ஆனால் சென்னைக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டான். தைப்பொங்கல் முடிந்து மறு கிழமை புறப்படுகிறோம். மேசன் அண்ணர் சொன்ன ஒழுங்கில், ராசா தம்பி சொன்ன நேரத்தில். இரவுக் காட்சிக்குப் போக மாட்டோம்.

அப்பா ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. செல்லுலார் அறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறவருக்குத் தெரியுமா?

பாலையூற்று மேசன்

தெரியாது தங்கச்சி. கதவு இரும்புக் கம்பிக் கதவு, அதனால் வெளியே தாழ்வாரம் தெரியும். தாழ்ப்பாளின் நீண்ட கம்பி கதவைத் தாண்டிப் பக்கத்துச் சுவருக்குப் போகிறது. அங்கே, எங்கள் வீடுகளில் விளக்கு வைக்கும் மாடம் மாதிரி சுவரைக் குடைந்து, அந்தக் குழிக்குள் பூட்டுப் போடுவார்கள். உள்ளே நின்று கம்பிக்கு வெளியே கையை விட்டேன். தோள்மூட்டு வரை கொடுத்தும் எட்டவில்லை. பூட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

இப்போது பூட்டு இல்லை. நான் போனபோது கதவுகள் திறந்துதான் கிடந்தன. அப்பாவிடம் அதையும் சொல்லுங்கள்.